சிம்னி உங்களுது... டக்ட் யாருது? அபார்ட்மென்ட் சங்கம் எதுவரைக்கும் கேட்கலாம்?

‘எல்லா ஓனர்களும் இந்த மாசக் கடைசிக்குள்ள கிச்சன் சிம்னியையும் அதோட பைப்பையும் க்ளீன் பண்ணி, பில்லை ஆபீஸ்ல கொடுக்கணும். தவறினால் அபராதம்.’

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் விழுந்தால் போதும். தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தையைவிடச் சூடாகிவிடும். “ஏனுங்க, என்ற வூட்டு அடுப்படிக்குள்ள வந்து சட்டம் பேச சங்கத்துக்கு என்னங்க ரைட்ஸ் இருக்குது?” என்று மூன்றாவது மாடியிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். “உங்க வூட்டு மீன் வறுவல் வாசம் எங்க பூஜை ரூம்ல வந்து நிக்குதுங்க்கா” என்று நான்காவது மாடி பதில் சொல்லும். “நான் கோயமுத்தூர்ல இருக்கறனுங்க, குடியிருக்கறவங்ககிட்ட கேட்டுக்கங்க” என்று ஒரு ஓனர் நைசாக நழுவுவார். கட்டிய காசுக்குக் கணக்கு கேட்பவர் ஒருவர், எதற்குமே கட்டாதவர் ஒருவர் என்று மிச்சக் கதை நமக்குத் தெரிந்ததுதான்.

அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, பி.என்.ரோடு என்று திருப்பூரின் எந்தப் பக்கம் போனாலும் இன்றைக்கு அடுக்குமாடிகள். அதில் பாதிப் பிரச்னை பார்க்கிங்கில் இருக்கும், மீதி அடுப்படியில் இருக்கும். பார்க்கிங் சண்டையில் வண்டியில் கோடுதான் விழும். அடுப்படிச் சண்டை அப்படியில்லை, அதற்குள் எண்ணெயும் நெருப்பும் இருக்கிறது. அதனால் சங்கம் கேட்பது நியாயமா, யார் செலவில் செய்வது, கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடலாம்.

முதல்ல பைப்பைப் பாருங்க

சண்டைக்குப் போகும் முன் உங்கள் சிம்னியின் பைப் எங்கே போகிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள். விடை பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறது.

நம் ஊர் அபார்ட்மென்ட்களில் பெரும்பாலும் மூன்று விதம். ஒன்று, பைப் வெளிச் சுவரைத் துளைத்து நேராக வெளியே எட்டிப் பார்க்கும். இரண்டு, பாத்ரூம் பைப்புகளும் ஏசி அவுட்டோர் யூனிட்டும் இருக்கும் ஓ.டி.எஸ் சந்துக்குள் (நாம் பொதுவாக ‘டக்ட்’ என்று சொல்வோமே, அதுதான்) புகையைத் தள்ளும். மூன்று, கீழ்த் தளத்திலிருந்து மொட்டைமாடி வரை கட்டிய ஒரே புகைக்கூண்டில் எல்லா வீட்டு பைப்பும் போய்ச் சேரும்.

முதல் வகையில் பிரச்னை குறைவு. இரண்டாவதில் உங்கள் வீட்டு எண்ணெய்ப்பிசுக்கு கீழ்வீட்டுக்காரர் ஜன்னலிலும், தண்ணீர் பைப்பிலும், ஏசி யூனிட்டிலும் படியும். மூன்றாவதுதான் வில்லங்கம். எல்லா வீட்டுப் பிசுக்கும் ஒரே சுவரில் அடுக்கடுக்காக ஒட்டும். பைப்பின் வாயில் காற்று திரும்பி வராமல் தடுக்கும் மடிப்புத் தகடு இல்லையென்றால், ஒரு வீட்டில் சிம்னியை ஓட்டும்போது அதன் புகை இன்னொரு வீட்டு அடுப்படிக்குள் நுழையும். மேலே சொன்ன மீன் வறுவல் பூஜை ரூமுக்குப் போனது இப்படித்தான்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். “எங்களுது ஆட்டோ க்ளீன் மாடலுங்க, ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல” என்பார்கள். ஆட்டோ க்ளீன் பட்டனை அழுத்தினால் உள்ளே சூடாகி, மோட்டார் பகுதியில் ஒட்டிய பிசுக்கு உருகி, கீழே இருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தில் வடியும். அவ்வளவுதான். அங்கிருந்து சுவருக்குப் போகிற பைப்பை அது தொடுவதே இல்லை. மடிப்பு மடிப்பாக வளையும் பைப்பாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தேங்கும். செலவு மிச்சம் என்று பிவிசி பைப் போட்டிருந்தால் இன்னும் மோசம். சூட்டுக்கு இளகும், தீப்பிடித்தால் எரியும். அலுமினியம் மாதிரி உலோக பைப்தான் சரி, அதுவும் வளைவு குறைவாக.

திருப்பூருக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. குடியிருப்புக்குப் பக்கத்திலேயே, சில இடங்களில் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே, செக்கிங், அயர்னிங், பேக்கிங் வேலை ஓடும். ஓவர்லாக்கில் வெட்டுப்படும் பிசிறும் பஞ்சுத் தூசியும் காற்றில் பறந்து வந்து ஜன்னல் கம்பியில் பூனை முடி மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தூசி எண்ணெய்ப்பிசுக்கு இருக்கிற டக்ட்டிலும் ஒட்டும். எண்ணெயில் நனைந்த பஞ்சுக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: திரி.

சட்டம் என்ன சொல்லுது?

‘என் வீடு, என் இஷ்டம்’ என்பது தனி வீட்டுக்குச் சரி. அபார்ட்மென்ட்டில் நீங்கள் வாங்குவது நான்கு சுவருக்கு உள்ளே இருக்கிற வீட்டையும், நிலத்தில் பிரிக்கப்படாத பாகத்தையும். பத்திரத்தில் ‘யூ.டி.எஸ்’ என்று இத்தனை சதுர அடி போட்டிருப்பார்களே, அதுதான் இந்தப் பாகம். படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி எல்லாம் எல்லோருக்கும் சொந்தம். இந்தப் பட்டியலில் டக்ட் வருமா?

வரும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, அதாவது ‘ரெரா’, பொதுப் பகுதி எது என்று வரையறை செய்யும் இடத்தில் தண்ணீர்த் தொட்டி, சம்ப், மோட்டார், ஃபேன், கம்ப்ரஸர் இவற்றோடு சேர்த்து டக்ட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பொதுப் பயன்பாட்டுக்கான அமைப்பாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ரெரா வருவதற்கு முன்பே கட்டி முடித்த பழைய கட்டடங்களுக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால், எது பொது, எது தனி என்று பிரிக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதை இன்னும் நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே குளிருக்கு வீட்டுக்குள்ளேயே கணப்பு எரிப்பதால் புகைபோக்கிச் சண்டை ரொம்பப் பழசு. 1980-ல் அங்கே உருவான மாதிரி அடுக்குமாடிச் சட்டம் புகைக்குழாய், டக்ட், ஒயர் என்று பெயர் சொல்லியே ஒரு விதி வைத்தது. இவை ஒரு வீட்டுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி என்று போனால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் பகுதி அந்த வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட பொதுப் பகுதி. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்படும் பகுதி எல்லோருக்கும் பொது. அது சுவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கவில்லை, யாருக்குப் பயன்படுகிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். நம் பைலாவில் ஒரு வரி சேர்ப்பதாக இருந்தால் இந்தக் கணக்கைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

தமிழ்நாட்டில் 1994-ம் வருட அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டம் வந்தது, 2024-ல் அதற்கான விதிகளும் வந்தன. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு ஓனர்கள் சம்மதித்தால் போதும் என்ற பகுதிதான் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் தினசரி வாழ்க்கைக்கு முக்கியம் வேறு. ஓனர்கள் சேர்ந்த சங்கம், அதற்கு ஒரு பைலா, பொதுச் செலவில் ஒவ்வொருவருக்கும் பங்கு என்ற மூன்றும்தான் இந்தச் சட்டத்தின் அஸ்திவாரம். இன்னும் பல சங்கங்கள் 1975-ம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் பதிவாகியிருக்கின்றன. எந்தச் சட்டத்தில் பதிவாகியிருந்தாலும் பைலாதான் பேசும். உங்களிடம் அதன் காப்பி இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். பத்திரம் இருக்கிற பீரோவில்தான் இருக்கும், யாரும் பிரித்திருக்க மாட்டோம்.

யார் காசு?

பொது டக்ட் என்றால் பொதுச் செலவு. மெயின்டனன்ஸிலிருந்தோ, தனியாகப் பங்கு போட்டோ சங்கமே ஆள் வைத்துச் சுத்தம் செய்யலாம், செய்யவும் வேண்டும். “நான் சிம்னியே வைக்கலைங்க, நான் எதுக்குக் குடுக்கோணும்?” என்று ஒருவர் கேட்பார். முதல் மாடிக்காரர் லிஃப்ட் செலவுக்குக் கேட்கும் அதே கேள்வி. பொதுச் சொத்துக்கான செலவு, பயன்படுத்தினால் மட்டும் கொடுப்பது என்று ஆகிவிட்டால் எந்தக் கட்டடமும் நிற்காது. ஆனாலும் பொதுக்குழு மனசு வைத்து, சிம்னி பைப் இணைத்த வீடுகளுக்கு மட்டும் என்று பிரித்துக்கொண்டால் அதில் தப்பில்லை. என் ஓட்டும் அதற்குத்தான்.

எப்படிப் பிரிப்பது என்பதிலும் சண்டை வரும். ஒரு கணக்குக்காக, 40 வீடு, மொத்தம் 48,000 சதுர அடி, புகைக்கூண்டு சுத்தம் செய்ய 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1,500. சதுர அடிக்குப் பிரித்தால் அடிக்கு ஒண்ணே கால் ரூபாய். 900 சதுர அடிக்காரருக்கு 1,125, 1,600 சதுர அடிக்காரருக்கு 2,000. பெரிய வீட்டுக்காரர் சம பங்கு கேட்பார், சின்ன வீட்டுக்காரர் சதுர அடி கேட்பார். பைலாவில் எந்த முறை இருக்கிறதோ அதுதான். அதை மாற்ற வேண்டுமானால் பொதுக்குழுவில் மாற்றிவிட்டுத்தான் வசூலிக்க வேண்டும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தப் பங்குக் கணக்கு புதுசில்லை. சாயப்பட்டறைகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டி, அவரவர் விடும் தண்ணீருக்கு ஏற்ப பங்கு போட்டு நடத்தும் ஊர் இது. அங்கே விஷயம் கோர்ட் வரை போனது. நொய்யல் வழக்கில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 2009-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்புறமும் கழிவுநீர் நிற்கவில்லை என்றதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஒழுங்காகப் பணம் கட்டி நடத்தியவருக்கும் பூட்டுத்தான். பொதுக் குழாய் என்று வந்துவிட்டால் ஒருவர் அலட்சியத்துக்குப் பக்கத்துக்காரரும் சேர்ந்து விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு நம் ஊரைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

சரி, வீட்டுக்குள் இருக்கிற சிம்னி? அது உங்களுடையது, செலவும் உங்களுடையது. ஆனால் ‘சுத்தமாக வைத்திரு’ என்று சொல்லும் உரிமை சங்கத்துக்கு உண்டு, அது பைலாவில் இருந்தால். உங்கள் பைப்பில் பிடிக்கும் தீ பொது டக்ட் வழியாக மேல்வீட்டுக்குப் போகும் என்பதுதான் இதன் நியாயம். இந்தியாவின் பழைய அடுக்குமாடிச் சட்டங்களில் ஒன்றான மகாராஷ்டிராவின் 1970-ம் வருடச் சட்டம், கட்டடத்தின் பாதுகாப்புக்குக் கேடு வரும்படி எந்த ஓனரும் எதுவும் செய்யக் கூடாது, பைலாவைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்கிறது. பொதுப் பகுதியைப் பழுது பார்க்கவும் அவசரத்துக்கும் நியாயமான நேரத்தில் வீட்டுக்குள் வந்து பார்க்கும் உரிமையையும் சங்கத்துக்குக் கொடுக்கிறது. பைலா எழுதுகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சட்டம் அது.

கட்டடமே புதுசு, டக்ட்டே தப்பாகக் கட்டியிருக்கிறது என்றால் யாரும் பர்ஸைத் திறக்க வேண்டாம். மொட்டைமாடியில் புகைக்கூண்டின் வாயை ஸ்லாப் போட்டு மூடிவிட்ட கட்டடங்கள் உண்டு. ரெராவில் வரும் கட்டடமாக இருந்தால், சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறையை பில்டர் 30 நாளில், தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். சங்கம் முதலில் எழுத வேண்டிய லெட்டர் பில்டருக்குத்தான்.

ஜெனரேட்டர் புகைக்குழாயையும் இங்கேயே சொல்லிவிடலாம். அது முழுக்கப் பொது. கட்டட உயரத்துக்கு மேல் எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு இருக்கிறது: கே.வி.ஏ-வின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கினால் வருகிற மீட்டர். 100 கே.வி.ஏ ஜெனரேட்டர் என்றால் 2 மீட்டர்.

வாடகைக்கு இருக்கறவங்க என்ன பண்றது?

இந்த ஊரில் இதுதான் நிஜமான தலைவலி. ஓனர் ஒரு ஊரில் இருப்பார். வீட்டில் குடியிருப்பது வெளியூரிலிருந்து வந்த மெர்சண்டைஸர் குடும்பமாகவோ, கம்பெனி எடுத்துக் கொடுத்த வீட்டில் நாலைந்து பேச்சிலர்களாகவோ இருக்கும். சங்கம் இவர்களை விரட்டும், இவர்கள் ஓனரைக் காட்டுவார்கள்.

சங்கத்தைப் பொறுத்தவரை உறுப்பினர் ஓனர்தான். நோட்டீஸ், பில், அபராதம் எல்லாம் அவர் பெயருக்குத்தான் போக வேண்டும். ஓனருக்கும் வாடகைதாரருக்கும் நடுவில் யார் கொடுப்பது என்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது: 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம். அதன் இரண்டாவது அட்டவணை, வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும், வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, பெரிய ஒயரிங் வேலை எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், சமையலறைப் பொருத்துகளின் பழுது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் தலையில்.

ஆக, ஃபில்டர் கழுவுவது, சிம்னி சர்வீஸ் பார்ப்பது குடியிருப்பவர் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். சுவர் தாண்டிய பைப்பை மாற்றுவது, டக்ட்டுக்கான பங்கு இவை ஓனருடையது. சிம்னி என்ற வார்த்தையே அட்டவணையில் இல்லாததால், ஒப்பந்தம் போடும்போதே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. அட்வான்ஸில் ‘சிம்னி க்ளீனிங்’ என்று பெரிய தொகையைக் கழித்தார்கள் என்ற புலம்பல், வீடு காலி செய்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. குடிவரும் அன்றைக்கே ஃபில்டரையும் பைப்பையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

சங்கம் எல்லை தாண்டினால்?

சில செக்ரட்டரிகளுக்குப் பதவி வந்ததும் தாசில்தார் ஆன நினைப்பு வந்துவிடும். கமிட்டியில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டே முடிவு பண்ணி, குரூப்பில் ‘அபராதம் 5,000’ என்று தட்டிவிட்டால் அது சட்டமாகாது. அபராதம் பைலாவில் இருக்க வேண்டும், அல்லது முறையாகக் கூட்டிய பொதுக்குழுவில் பைலாவைத் திருத்தி அதை ஏற்றியிருக்க வேண்டும். எழுத்தில் நோட்டீஸும் நியாயமான அவகாசமும் கொடுத்திருக்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் வசூலித்தால், கேள்வி கேட்கிறவருக்குத்தான் பலம்.

‘நாங்க சொல்ற ஆளை வெச்சுத்தான் க்ளீன் பண்ணணும்’ என்பதும் உண்டு. பொது டக்ட்டுக்கு அது சரி, ஒரே ஆள்தான் செய்ய முடியும். வீட்டுக்குள் இருக்கிற சிம்னிக்கு அப்படிச் சொல்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கம்பெனி சர்வீஸில் செய்தாலும், தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்தாலும் பில் வந்தால் போதாதா? ஜெர்மனியில் வீட்டுப் புகைபோக்கியை ஓனர் தன் செலவில் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். வெகுகாலம் அந்தந்த வட்டாரத்துக்கு நியமித்த ஒரே ஆள்தான் செய்ய முடியும் என்று இருந்தது. 2013 ஜனவரியிலிருந்து பெரும்பாலான வேலைகளுக்கு, தகுதியுள்ள யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். கட்டாயம் அப்படியே இருக்கிறது, ஆள் தேர்வு மட்டும் ஓனர் கையில். நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

பணம் கட்டாத வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவது, இ.பி. ஃப்யூஸைப் பிடுங்குவது எல்லாம் கூடவே கூடாது. மின்சாரம் அடிப்படை வசதி, அதை ஒருவருக்கு மறுக்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வாடகைதாரர் வழக்கில் சொல்லியிருக்கிறது. பாக்கியை வசூலிக்க நோட்டீஸ், அதற்கும் அசையவில்லை என்றால் சிவில் கோர்ட். சங்கம் பதிவைப் புதுப்பித்து, வருஷா வருஷம் கணக்கு ஒப்படைத்து, மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால்தான் அங்கே போய் நிற்க முடியும். பல சங்கங்கள் இங்கேதான் தோற்கின்றன.

நடுவில் ஒரு சமையல்கட்டுச் சமாச்சாரம். வலை மாதிரி இருக்கும் மெஷ் ஃபில்டரை வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை வெந்நீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் போட்டு ஊற வைத்துக் கழுவ வேண்டும். பட்டை பட்டையாக இருக்கும் பேஃபிள் ஃபில்டருக்கு மாசம் ஒருமுறை போதும். தினமும் வறுவல் பொரியல் என்றால் அதற்கு முன்பே. வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் காஸை அணைத்து, முடிந்தால் சிம்னியையும் ஆஃப் பண்ணிவிடுங்கள், ஓடுகிற சிம்னி தீயை மேலே இழுக்கும். தண்ணீர் ஊற்றவே கூடாது. பெரிய மூடியால் மூடுங்கள். கை மீறினால் 101.

டக்ட்டுக்குள்ள இறங்கறது யாரு?

இந்தச் சண்டையில் யாருமே பேசாத ஒருவர் இருக்கிறார். ஓ.டி.எஸ் சந்துக்குள் கயிறு கட்டி இறங்கிப் பிசுக்கைச் சுரண்டும் ஆள். லண்டனில் ஒரு காலத்தில் புகைபோக்கிக்குள் சின்னப் பையன்களை ஏற்றிச் சுத்தம் செய்தார்கள். அந்த வேலை செய்தவர்களுக்குக் கரிப்புகையால் புற்றுநோய் வருகிறது என்று பெர்சிவல் பாட் என்ற டாக்டர் 1775-ல் எழுதினார். அதற்கு அப்புறமும் அந்த வழக்கத்தை ஒழிக்க 1875 வரை சட்டத்துக்கு மேல் சட்டம் போட வேண்டியிருந்தது. வீட்டுக்காரர்களுக்குப் புகை போனால் போதும், உள்ளே யார் இறங்குகிறார் என்று பார்க்கவில்லை.

கொட்டேஷன் வாங்கும்போது குறைந்த தொகைக்கு டிக் அடிக்கும் முன் செக்ரட்டரி கேட்க வேண்டியது இதைத்தான். சேஃப்டி பெல்ட் இருக்கிறதா, மேலே கயிற்றைப் பிடிக்க இன்னொரு ஆள் உண்டா, இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறார்களா? வேலை நடக்கும் நேரத்தில் எல்லா வீட்டிலும் அடுப்பையும் சிம்னியையும் அணைத்து வைக்க வேண்டும் என்று முதல் நாளே நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அந்த நோட்டீஸை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். குரூப்பை மியூட் பண்ணி வைத்திருக்கும் நாலு வீட்டுக்கு வாட்ச்மேன் அண்ணனை நேரில் அனுப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.